மார்கழிப் பனியில் ஆந்தைப் படம் எடுப்பது: காரைக்குடி சுற்றுவட்டாரம்

பட்டாலை
19 டிசம்பர், இரவு 9:10

வணக்கம். இந்தப் பக்கத்தைப் பல நாளாக வாசித்துவருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. பள்ளத்தூரில் ஆயா வீட்டுக்கு வந்திருக்கிறேன், பொங்கல் கழிந்துதான் கிளம்புவேன். நண்பரிடம் 150-600 மி.மீ. தூரப்பட லென்ஸ் ஒன்று இரவல் வாங்கி வந்தேன். ஊருணிக் கரையில் பழைய புளியமரம் ஒன்று நிற்கிறது. அதன் பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடி குடியிருக்கிறது. சின்ன வயதில் அந்த மரத்தடிக்கு எங்களைப் போகவே விடமாட்டார்கள். இப்போது அதைப் பார்க்கத்தான் விடிகாலையில் எழுந்திருக்கிறேன்.

இன்று காலை 5:45-க்குப் போய் நின்றேன். கேமராவைப் பையிலிருந்து எடுத்த ஒரு நிமிடத்தில் லென்ஸ் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. துண்டால் துடைத்தேன், திரும்பவும் பூத்தது. தெளிவதற்குள் 6:40 ஆகிவிட்டது, இரண்டும் பொந்துக்குள் போய்விட்டன. சாயங்காலம் திரும்பப் போனேன். ஷட்டர் வேகம் 1/500 நொடி வைத்தால் படம் கருப்பு, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றினால் மணல் கொட்டியது மாதிரி இருக்கிறது. ஒரே ஒரு படம்தான் தெளிவாக வந்தது. மரத்தடிக்கே போய் நின்றபோது ஒன்று கண்ணை உருட்டி, தலையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தது, அந்தப் படம். கீழே இணைத்திருக்கிறேன்.

லென்ஸ் பூப்பதற்கு என்ன செய்வது? மங்கல் வெளிச்சத்தில் என்ன அமைப்பு வைப்பது? இன்னொன்று, கொம்பன் ஆந்தையை (தலையில் கொம்பு மாதிரி இறகு நிற்கும் பெரிய ஆந்தை) வாழ்நாளில் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. இந்தப் பக்கம் எங்கே பார்க்கலாம்?

கண்மாய்க்கரை
19 டிசம்பர், இரவு 10:02

வாங்க தம்பி. ராத்திரி கேமராவை ஏசி அறையில்தானே வைத்திருந்தீங்க? அதுதான் காரணம்.

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு நம்ம ஆட்கள் குழம்பிப்போகிறார்கள். அவர்களுக்கு வெளியே குளிர், வீட்டுக்குள் கதகதப்பு. அதனால் வீடு திரும்பும்போது லென்ஸ் வேர்க்கும். நமக்கு அப்படியே தலைகீழ். மார்கழி விடியலில் காரைக்குடிப் பக்கம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அது ஒன்றும் பெரிய குளிரில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து ஊருணியும் கண்மாயும் நிறைந்து கிடக்கும் நேரம், காற்று முழுக்க ஈரம். ஏசியை 18-ல் வைத்துத் தூங்கிய அறையிலிருந்து கேமராவை அந்த ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தால், பானைத் தண்ணீர் மொண்ட செம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பது மாதிரி வேர்க்கத்தான் செய்யும்.

தீர்வு சுலபம். ராத்திரியே கேமராப் பையை மூடியபடி வளவுத் (நடுமுற்றத்து) தாழ்வாரத்தில் வைத்துவிடுங்க. காலையில் அது வெளிக்காற்றின் சூட்டுக்கே வந்திருக்கும். வைக்க வழியில்லை என்றால் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் போட்டு, கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்னால் வெளியே கொண்டுவந்து விடுங்க. ஈரம் பையின் வெளிப்பக்கம் படியும், லென்ஸில் படியாது. துண்டால் மட்டும் துடைக்காதீங்க. நம்ம ஊர் செம்மண் தூசி துண்டில் ஒட்டியிருந்தால் கண்ணாடிப் பூச்சில் கீறல் விழும், அதுவும் இரவல் லென்ஸ். துடைக்காமல் விட்டாலே தானாகத் தெளியும். பூத்திருக்கும்போது லென்ஸைக் கழற்றி மாற்றவே கூடாது, ஈரம் உள்ளே போய்விடும்.

இது ஒரு வகை. இன்னொன்று நிஜப் பனி. வானம் மேகமில்லாமல் திறந்திருந்தால், வெளியே வைத்த கேமராவும் புல் மாதிரியே சூட்டை இழந்து காற்றைவிடக் குளிர்ந்துபோகும், அப்புறம் பனி இறங்கும். வயல்வெளியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் லென்ஸ் முகத்தில் பொட்டுப் பொட்டாக நிற்கும். மரத்தடியில் உட்கார்ந்தால் இது குறைவு. லென்ஸ் முன்னால் மாட்டும் குடையைக் கழற்றாதீங்க, அது வெயிலுக்கு மட்டுமில்லை. நட்சத்திரம் எடுக்கிறவர்கள் லென்ஸைச் சுற்றிக் கட்டும் சூட்டுப் பட்டை ஒன்று உண்டு, பவர் பேங்கில் ஓடும். நான் 3 வருஷமாக அதைத்தான் கட்டுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து காயவிடுங்க. ஈரத்தோடு மூடிவைத்தால் ஒரே மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்திவலை மாதிரி படரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஈரம் குடித்து நிறம் மாறினால் வாணலியில் லேசாக வறுத்துத் திரும்பப் போடலாம்.

படத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. செம்புராங்கல் அண்ணன் வரட்டும்.

வைகைக்கரை
19 டிசம்பர், இரவு 10:15

மதுரையிலிருந்து வருகிறேன். சனி, ஞாயிறுதான் லீவு. கொம்பன் இருக்கும் இடத்துக்கு யாராவது மேப்பில் குறி போட்டு அனுப்பினால் உதவியாக இருக்கும். பள்ளத்தூர் நண்பரும் கூட வரலாம்.

செம்புராங்கல்
20 டிசம்பர், காலை 7:30

இடம் சொல்லமாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

சில வருஷம் முன்னால் கைவிட்ட கல்குவாரி ஒன்றில் கொம்பன் ஜோடியைப் பார்த்தேன். எந்த ஊர்ப் பக்கம் என்பதுகூட வேண்டாம். கொம்பன் கூடு கட்டாது. பாறை விளிம்பின் கீழே வெறும் மண்ணில் லேசாகப் பள்ளம் பறித்து முட்டையிடும், அவ்வளவுதான். கார்த்திகைக் கடைசியில் பார்த்தபோது 3 முட்டை இருந்தன. குவாரியின் எதிர்க்கரையில், 80 மீட்டருக்கு அந்தப் பக்கம், ஆவாரம் புதருக்குள் உட்கார்ந்து எடுத்தேன். பெட்டை என்னைப் பார்க்கவே இல்லை. பாறையோடு பாறையாக, கண்ணைக் கீற்றாக மூடி அடைகாத்தது. மேலே ஆண் உட்கார்ந்திருந்தது. பனி விலகும் நேரத்து வெயில் அதன் நெஞ்சுக் கோடுகளில் பட்டது. அந்த ஒரு காலைக்காகவே இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறேன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பெருமை தாங்காமல் பெரிய குழு ஒன்றில் ஊர்ப் பெயரோடு படத்தைப் போட்டேன்.

அடுத்த ஞாயிறே 2 கார். அதற்கடுத்த ஞாயிறு 4 கார். ஒருவர் செல்போனில் கிட்டத்தில் எடுக்க விளிம்புவரை இறங்கியிருக்கிறார். பெட்டை பட்டப்பகலில் பறந்து எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. பகலில் வெளியே வந்த ஆந்தையை நம்ம ஊர்க் காக்கை விடுமா? வள்ளுவர் 481-ஆம் குறளில் 'பகல்வெல்லும் கூகையைக் காக்கை' என்றது உவமைக்காக. அதன் நேர்ப்பொருளை அந்த வேப்பமரத்தில் மணிக்கணக்கில் பார்த்ததாக ஆடு மேய்க்கிற பெரியவர் என்னிடம் சொன்னார். அது திரும்பி வர முடியாத அந்த நேரம் முழுக்க முட்டைமேல் நேர்வெயில். மார்கழி என்றாலும் மத்தியானப் பாறை கால் வைக்க முடியாது.

பொங்கல் கழித்துப் போனேன். இறங்கவில்லை, எதிர்க்கரையிலிருந்தே லென்ஸில் பார்த்தேன். 2 முட்டை கிடந்தன. வெள்ளையாக இருந்தவை, தூசி படிந்து மண் நிறமாகியிருந்தன. ஒன்றைக் காணோம். பக்கத்தில் ஒரே ஒரு சிறகு, காற்றில் அசைந்துகொண்டு இருந்தது. கொம்பன் முட்டை பொரிய 33 நாள் போல ஆகும். அதில் பாதிகூட அதற்கு விட்டுவைக்கவில்லை நாங்கள். 'நாங்கள்' என்றுதான் சொல்வேன், முதல் கார் நான் வரவழைத்தது.

இப்போது பட்டாலை தம்பியின் படம். தெளிவாக இருக்கிறது, சட்டகம் நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியதையே திரும்பப் படியுங்கள். கண்ணை உருட்டி, தலையை மேலும் கீழும் ஆட்டியது என்கிறீர்கள். அது வேடிக்கை காட்டவில்லை. புள்ளி ஆந்தை மிரண்டால் அப்படித்தான் ஆட்டும். கொம்பனும் அதைப்போன்ற காதுக்கொம்பு உள்ளவையும் உடம்பை ஒடுக்கி, கொம்பை நட்டமாக நிறுத்தும், அலகைச் சொடுக்கும். பகலில் கண் வட்டமாகத் திறந்து நேராகக் கேமராவைப் பார்க்கும் ஆந்தைப் படம் எதை எடுத்தாலும், எடுத்தவர் கிட்டப் போய்விட்டார் என்றுதான் நான் வாசிப்பேன். ஆந்தை நம்மைப் பார்த்துவிட்டால் படம் கெட்டுவிட்டது. அது தூங்கிவழிகிற, சிறகு கோதுகிற, ஜோடியோடு தலையை உரசிக்கொள்கிற படம் வேண்டுமென்றால் நாம் அங்கே இல்லாத மாதிரி இருக்கவேண்டும்.

புள்ளி ஆந்தைக்கும் இனப்பெருக்கக் காலம் கார்த்திகையிலிருந்து சித்திரைவரை போகும். அந்தப் பொந்துக்குள் இப்போதே முட்டை இருந்தாலும் இருக்கும். மரத்தடிக்கு இனி வேண்டாம், தம்பி. ஊருணியின் எதிர்ப்படிக்கட்டில் உட்காருங்கள்.

வைகைக்கரை
20 டிசம்பர், மதியம் 1:05

செம்புராங்கல் சார், நடந்தது வருத்தம்தான். ஆனால் ஒரு கேள்வி. இடத்தைச் சொல்லாமல் மூத்தவர்கள் நாலுபேர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கு ஆந்தைமேல் பிரியம் எப்படி வரும்? என் மகனுக்கு 11 வயது. ஆந்தை என்றால் சாவு வரும் என்று பள்ளியில் பிள்ளைகள் சொல்கிறார்களாம். அவனுக்கு ஒரு ஆந்தையை நேரில் காட்டவேண்டும் என்றுதான் இடம் கேட்டேன். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் நாரையும் அரிவாள் மூக்கனும் பார்த்துவிட்டு வந்து அவன் ஒரு மாதம் அதையே வரைந்துகொண்டிருந்தான். பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி சனங்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்று கேட்டதும் அவனும் அந்த வருஷம் வெடி வேண்டாம் என்றான். பார்த்தால்தானே அந்த அக்கறை வரும்?

செம்புராங்கல்
20 டிசம்பர், மதியம் 2:20

நியாயமான கேள்வி. கொள்ளுக்குடிப்பட்டியில் பறவையைக் காப்பது ஊர். அங்கே எத்தனை பேர் வந்தாலும் ஊர்க்கண் இருக்கிறது, கண்மாய்க்கு நடுவே மரம் இருக்கிறது, நாம் கரையில் நிற்கிறோம். குவாரியில் அந்த ஜோடிக்கு யார் இருந்தார்கள்?

மகனுக்குக் கூடில்லாத ஆந்தையைக் காட்டுங்கள். புள்ளி ஆந்தை மதுரைக்குள்ளேயே உண்டு. பழைய மரம் உள்ள தெருவில் இருட்டும் நேரம் மின்கம்பியில் வந்து உட்காரும், தெருவிளக்குக்கு வரும் பூச்சியைப் பிடிக்கும். தெருவில் ஆள் நடமாட்டம் அதற்குப் பழக்கம். உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் ஒரு சனிக்கிழமை இருவரும் காரைக்குடிக்கு வாருங்கள், நானே கூட்டிப்போகிறேன். கேமரா இல்லாமல்.

இரண்டாங்கட்டு
21 டிசம்பர், இரவு 8:45

இந்தப் பேச்சில் நானும் சேர்ந்துகொள்கிறேன். எங்கள் குடும்பத்துக்குப் பங்காளிகள் 9 பேருக்குப் பொதுவான வீடு ஒன்று இருக்கிறது. விசேஷத்துக்குத்தான் திறப்போம். மெத்தையில் (மாடியில்) ஓர் அறை கதவு இற்றுப்போய்த் திறந்தே கிடந்தது, அதில் கூகை குடியேறிவிட்டது. முகம் இதய வடிவில், உடம்பு வெளுப்பாக இருக்குமே, அது.

வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் போன் செய்து, 'மேலே பாம்பு சீறுதும்மா, ராத்திரியெல்லாம் ஸ்ஸ்னு சத்தம்' என்றார். வந்து பார்த்தால் குஞ்சுகள். கூகைக் குஞ்சு பசிக்குக் கத்துவது அப்படியே சீறல் மாதிரிதான் கேட்கும். அது பாம்பில்லை என்றதும் அவருக்கு நிம்மதி. சாக்குருவி என்றதும் நிம்மதி போய்விட்டது. பக்கத்து வீட்டு ஆச்சி, நல்ல காரியம் நடக்கிற வீட்டில் அது இருக்கக்கூடாது, கம்பிவலை அடித்துவிடு என்றார்.

நான் வாதம் செய்யவில்லை. ஆத்தங்குடிக் கல் தரையில் கறுப்புக் கறுப்பாக, கட்டைவிரல் பருமனில் உருண்டைகள் கிடந்தன. கூகை இரையை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் பந்தாக்கி வாய்வழியே கக்கிவிடும். அதில் ஒன்றை எடுத்துக் கிண்ணத்து வெந்நீரில் ஊறவைத்து, குச்சியால் பிரித்து, வெள்ளைத் தாளில் அடுக்கினேன். 2 எலி மண்டையோடு முழுசாக இருந்தன, முன்பல் மஞ்சளாக. மூஞ்சூறுத் தாடை ஒன்று, அதன் பல் வெள்ளை. விலா எலும்புகள் நரைமுடி மாதிரி மெலிசு. ஆச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். 'ஒரு உருண்டைக்கு இத்தனையா?' என்றார். தரையில் அப்படி 40-க்கு மேல் கிடந்தன. கம்பிவலைப் பேச்சு அப்புறம் எழவில்லை. இப்போது யாராவது வந்தால் ஆச்சியே அந்தத் தாளைக் காட்டச் சொல்கிறார்.

படம் எடுத்த விதத்தைச் சொல்கிறேன். அறைக்குள் போகவில்லை. குஞ்சு பறக்கும்வரை அந்த மெத்தைக்கே யாரும் ஏறவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வளவுக்கு அந்தப்பக்கம் எதிர் மாடியில், பழைய போர்வை ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டு, அதில் கிழித்த ஓட்டை வழியாக லென்ஸை வைத்து உட்கார்ந்தேன். முதல் 3 நாள் கேமராவே இல்லை, போர்வை மட்டும்தான் தொங்கியது. அதற்குப் பழகட்டும் என்று. 4-ஆம் நாள் முதல் சாயங்காலம் 5:30-க்கு உட்கார்ந்து, இருட்டி ஒரு மணி நேரம் கழித்துத்தான் எழுந்திருப்பேன். நடுவில் எழுந்து போனால் போர்வைக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரிந்துவிடும்.

9-ஆம் நாள் கிடைத்தது. முகப்பு உச்சியில் கஜலட்சுமி சுதை ஒன்று உண்டு, வண்ணம் உதிர்ந்து யானை மட்டும் நீலமாக நிற்கும். 6:20 இருக்கும், மேற்கே இன்னும் கொஞ்சம் செம்மை. வயல்பக்கமிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. கூகை சத்தமே இல்லாமல் வந்து அந்த யானையின் தும்பிக்கைமேல் உட்கார்ந்தது. காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதன் வெளிச்சிறகு ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி இழை இருப்பதால்தான் காற்றுச் சத்தம் அடங்கிவிடுகிறது என்று படித்திருக்கிறேன். நேரில் அந்த மௌனம் மேனியைச் சிலிர்க்க வைத்தது. கூகை முகம் கீழே தெருவைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆம், கேட்டுக்கொண்டிருந்தது. அதன் காதுத் துளை ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் இருக்கும், எலி எந்த உயரத்தில், எந்தப் பக்கம் என்று ஒலியை வைத்தே பிடித்துவிடும். 1/20 நொடி, 5 படம். அதில் ஒன்றில் மட்டும் தலை அசையவில்லை.

வடக்கே லட்சுமிக்கு ஆந்தைதான் வாகனம். எங்கள் வீட்டு லட்சுமிக்கு இரண்டு பக்கமும் யானை. நடுவில் அது வந்து உட்கார்ந்ததை ஆச்சியிடம் படத்தில் காட்டியபோது கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒளிமானி
21 டிசம்பர், இரவு 9:30

இரண்டாங்கட்டு அக்கா, அருமை. 1/20 என்பதைப் பட்டாலை கவனிக்கவேண்டும்.

உட்கார்ந்திருக்கும் ஆந்தைக்கு 1/500 தேவையே இல்லை. அது மணிக்கணக்கில் சிலை மாதிரி இருக்கும், அசைவது நம் கைதான். கனமான ட்ரைபாட், லென்ஸிலுள்ள நடுக்கம் தடுக்கும் பொத்தானை ட்ரைபாடில் வைத்தபின் அணைத்து ஒருதடவை, அணைக்காமல் ஒருதடவை எடுத்துப் பாருங்கள். லென்ஸுக்கு லென்ஸ் மாறும். சத்தமில்லாத மின்னணு ஷட்டர், 2 நொடி டைமர் அல்லது ரிமோட். ஷட்டர் 1/30, லென்ஸ் துளை எஃப் 6.3, ஐஎஸ்ஓ 1600-ல் தொடங்குங்கள். பத்துப் பத்தாகத் தொடர்ந்து எடுங்கள், ஆந்தை தலை நின்ற நொடி எதிலாவது விழும். பறக்கும் படத்தை அந்த வெளிச்சத்தில் மறந்துவிடுங்கள். வேண்டுமென்றால் மேற்கு வானத்தை ஆந்தைக்குப் பின்னால் வைத்து நிழலுருவாக எடுங்கள்.

பனி மூட்டத்தில் இன்னொரு சிக்கல். எதிரே எல்லாம் வெளிறிக் கிடப்பதால் கேமராவின் மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கிச் சாம்பலடிக்கும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 ஏற்றுங்கள். தானியங்கி ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடினால் கையால் திருப்புங்கள். மூட்டத்துக்குள் 600-ல் 60 மீட்டர் தூரத்தை எடுத்தால் பால் ஊற்றியது மாதிரிதான் வரும். அப்போது ஆந்தையைச் சின்னதாக விட்டுவிட்டு மரம், ஊருணி, பனி எல்லாம் சேர்த்து எடுங்கள். எனக்கு அந்தப் படங்கள்தான் பிடிக்கும், செட்டிநாட்டு ஆந்தை என்று பார்த்ததும் தெரியும்.

ஃப்ளாஷ் வேண்டாம். இருட்டுக்குப் பழக நம் கண்ணுக்கே 20 நிமிடத்துக்குமேல் ஆகிறது. அந்த நேரத்தில் வேட்டைக்குக் கிளம்புகிற உயிரின் கண்ணில் அடிக்க எனக்கு மனசு வராது.

பனிநாடு
22 டிசம்பர், காலை 6:50

சொந்த ஊர் தேவகோட்டை, இருப்பது கனடாவில் ஒன்ராறியோ. நீங்கள் 20 டிகிரிக்குப் பனி என்கிறீர்கள், இங்கே இன்று மைனஸ் 17. ஊர்ப் பேச்சைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே குளிர்காலத்தில் வடதுருவப் பக்கமிருந்து பனி ஆந்தை இறங்கிவரும். வெள்ளைப் பறவை, கொம்பன் குடும்பம்தான். 2013-14 குளிர்காலத்தில் கணக்கில்லாமல் வந்தன. முந்தைய கோடையில் வடக்கு கியூபெக்கில் லெம்மிங் எலிகள் பெருகி, குஞ்சுகள் நிறையப் பிழைத்ததுதான் காரணம். அது பகலிலும் வேட்டையாடும், திறந்த வயலில் உட்காரும். ஆகவே கூட்டம் கூடிவிடும். சிலர் கடையில் வெள்ளெலி வாங்கிவந்து பனியில் விட்டு, ஆந்தை கேமராவை நோக்கிப் பாய்வதை எடுப்பார்கள். அந்தப் படம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இருக்கும். சிறகு விரித்து, நகம் நீட்டி, கண் நேரே நம்மைப் பார்த்து. காரிலிருந்து எலி வரும் என்று பழகிய ஆந்தை சாலையோரமே சுற்றும். அப்புறம் வண்டியில் அடிபடும். செம்புராங்கல் அண்ணன் சொன்ன 'பார்த்துவிட்டால் கெட்டுவிட்டது' என்பது இங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உள்சட்டைப் பையில் ஒன்றை உடம்புச் சூட்டில் வைத்து மாற்றி மாற்றிப் போடுவேன். காரே நல்ல மறைவிடம், இறங்காமல் எடுக்கலாம். ஆனால் உள்ளே ஹீட்டர் ஓடும்போது கண்ணாடியை இறக்கினால் சூடான காற்று வெளியேறி, லென்ஸ் முன்னால் கானல் மாதிரி ஆடும். எல்லாப் படமும் மங்கும், லென்ஸ்தான் பழுது என்று நினைத்துவிடுவோம். ஹீட்டரை அணைத்துக் குளிரில் உட்காரவேண்டும். ஊரில் விடிந்து கொஞ்ச நேரத்தில் ஈரவயல்மேல் வெயில் ஏறும்போது வரும் நடுக்கமும் இதேதான். 8 மணிக்கு மேல் தூரப்படத்துக்குச் சிரமப்படாதீர்கள்.

இடம் மறைப்பது பற்றியும் ஒன்று. பறவை பார்த்தவர்கள் பதிவு போடும் ஈபேர்டு தளத்தில் ஆபத்திலுள்ள சில இனங்களுக்குச் சரியான இடத்தை அவர்களே பொதுமக்களுக்குக் காட்டாமல் மறைத்துவிடுகிறார்கள். பதிவு ஆய்வுக்குப் போய்ச் சேரும், கூட்டம் வராது. செல்போன் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், பகிரும்முன் அதையும் நீக்குங்கள்.

வைகைக்கரை
22 டிசம்பர், மதியம் 12:40

இரை வைப்பது நம்ம நாட்டில் குற்றமா? ஒரு குழுவில் புள்ளி ஆந்தைக்குச் சுண்டெலி கட்டி எடுத்ததாகப் பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

கண்மாய்க்கரை
22 டிசம்பர், மதியம் 1:15

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(16). வேட்டை என்றால் என்ன என்று சொல்லும் இடம். கொல்வது, பிடிப்பது மட்டுமில்லை. துரத்துவதும் இரை வைப்பதும் அதில் வருகிறது. பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வருகிறது. துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வயக்காடு
22 டிசம்பர், இரவு 8:00

நான் படம் எடுக்கிற ஆளு இல்ல, விவசாயம். மகள் இதைப் படிச்சுக் காட்டுச்சு, சொல்லச் சொல்ல அதுதான் டைப் பண்ணுது.

எங்க வயல்ல சம்பா கதிர் முத்தி நிக்குது. இப்பத்தான் எலி வெட்டு கூடுதல். நான் டி வடிவத்துல கம்பு அடிச்சு நட்டிருக்கேன், ராத்திரி கூகை வந்து அதுல உக்காந்து எலி புடிக்கும். காலையில கம்புக்கடியில எச்சம் வெள்ளையா கிடந்தா எனக்கு ஒரு தைரியம். எலிக்கு விஷம் வைக்கிறதை விட்டுட்டேன். விஷம் தின்ன எலி சொங்கிப்போய் மெதுவா ஓடும், கூகை அதைத்தான் முதல்ல புடிக்கும், அப்புறம் கூகையும் செத்துப்போகும். வரப்புல ஒண்ணு அப்படிக் கிடந்துச்சு, கையில தூக்குனா வெயிட்டே இல்ல, பஞ்சு மாதிரி. அதைப் புதைச்ச அன்னையோட விட்டேன்.

போன வருஷம் கேமராக்காரங்க ராத்திரி வந்தாங்க. பெரிய டார்ச்சு, செல்போன்ல ஆந்தைச் சத்தம் போட்டுப் போட்டு வரவச்சாங்க. வேற ஆந்தை தன் எடத்துக்கு வந்துருச்சுன்னு அது சுத்திச்சுத்திப் பறந்துச்சு, எலி புடிக்கிறதை விட்டுட்டு. வரப்புல நடந்த நடையில கதிரும் சாஞ்சுபோச்சு. கேட்டுட்டு வந்தா நானே ஒரு எடத்துல உக்கார வைப்பேன். சாக்குப் போர்வை கூடத் தருவேன். மோட்டார் ரூமு மறைப்பு நல்லா இருக்கும், ஒரு ஆளு உக்காரலாம், ரெண்டு ஆளுன்னா பேச ஆரம்பிச்சுருவாங்க.

பட்டாலை
22 டிசம்பர், இரவு 9:05

ஐயா, ரொம்ப நன்றி. எல்லோருக்கும் நன்றி. முதல் படத்தை நீக்கிவிட்டேன். நாளையிலிருந்து எதிர்ப்படிக்கட்டு.

பட்டாலை
11 ஜனவரி, இரவு 8:20

எழுத நாளாகிவிட்டது. கிட்டத்தட்ட தினமும் போனேன்.

கேமராப் பையைத் தாழ்வாரத்தில் வைத்தபின் லென்ஸ் ஒரு நாள்கூடப் பூக்கவில்லை. எதிர்ப்படிக்கட்டிலிருந்து மரம் 50 மீட்டர் இருக்கும். 600-ல்கூட ஆந்தை சின்னதாகத்தான் தெரிந்தது, முதல் வாரம் ஏமாற்றமாக இருந்தது. கோயிலில் 5 மணிக்குப் பாட்டு போடுவார்கள், தண்ணீர் எடுக்க வருபவர்கள் வருவார்கள், ஆந்தை எதற்கும் அசையாது. நான் நின்றுகொண்டிருந்தால் மட்டும் பார்த்தது. உட்கார்ந்து, ஆயாவின் பழுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டபின் என்னைக் கண்டுகொள்வதை விட்டுவிட்டது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வேலை நடக்கிறது. ஆயா நேற்று விடிகாலை என்னோடு படிக்கட்டுக்கு வந்தார். 70 வருஷமாக இந்த ஊருணிக்கு வருகிறவர், பொந்து எது என்று அவர்தான் எனக்குச் சரியாகக் காட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தது வெளியே வரும் வாசல் மட்டும்தான், உள்ளே போவது இன்னொரு பிளவு வழியாக.

6:25-க்கு எடுத்த படம் கீழே. 1/25, ஐஎஸ்ஓ 2000. தண்ணீர்மேல் பனி இடுப்பளவு நிற்கிறது, புளியமரம் பாதிக்குமேல் அதிலிருந்து எழுகிறது. இடது கிளையில் இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று மற்றதன் கழுத்துப் பின்னால் கோதுகிறது. கோதப்படுகிற ஆந்தையின் தலை சாய்ந்திருக்கிறது, கண் முழுக்க மூடியிருக்கிறது.

செம்புராங்கல்
11 ஜனவரி, இரவு 8:41

பெரிதாக்கிப் பார்த்தேன். கோதுகிறதன் கண்ணும் பாதி மூடித்தான் இருக்கிறது.

நாளைக்குச் சனிக்கிழமை. வைகைக்கரை சாரும் அவர் மகனும் 5 மணிக்குக் காரைக்குடி வருகிறார்கள். ஆயாவுக்குச் சம்மதமானால் அந்தப் படிக்கட்டுக்கே அழைத்து வரலாமா? பையனுக்குக் கம்பளி நான் கொண்டுவருகிறேன்.

பட்டாலை
11 ஜனவரி, இரவு 8:55

கேட்டேன் அண்ணே. 'வரச்சொல்லு, ஆனா செருப்பைத் தெருவிலேயே விட்டுட்டு வரணும், கல்லுல சத்தம் கேக்கும்' என்கிறார்.